ஒன்பதாவது புள்ளி

"ஒன்பதையும் அழிச்சிரலாம் ஷாமிலா. படம் பழசாம்," என்றான் விஜிதரன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் அவர்கள் இருவருக்கும் ஓர் அறை. எந்த மலையில் வெடிப்பு, எங்கே மண் இறங்குகிறது என்று மக்கள் அனுப்பும் செய்திகளை ஒன்றோடொன்று இணைத்து வரைபடத்தில் காட்டுவது வேலை.

வெளியே விடாத மழை. இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனைப் பற்றி மட்டும் காலையில் ஒன்பது செய்திகள் வந்திருந்தன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கும் படம் ஒன்று அவற்றோடு சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த யாரோ, இது வேறு மலை, எல்லாம் வதந்தி என்று கீழே எழுதிவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க."

ஷாமிலா எழுதிவந்த கணினி நிரல் அன்றுதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு செய்தியோடும், அதைச் சொன்னவர் யார், அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பதியும் நிரல்.

ஓடவிட்டாள்.

திரையில் ஒன்பது புள்ளிகள். கோடுகள் பின்னோக்கி ஓடின. எட்டுப் புள்ளிகளும் அந்த ஒரே பழைய படத்தில் போய் நின்றன.

ஒன்பதாவதிலிருந்து எந்தக் கோடும் போகவில்லை.

யாரிடமும் வாங்கிப் போட்டதல்ல. படமும் இல்லை. இரண்டே வரி.

'பின்கதவு நேத்து சாத்துச்சு, இன்னைக்கு சாத்த மாட்டேங்குது. சுவத்தடியில சேத்துத்தண்ணி வருது.'

ஷாமிலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "விஜி, இது நிஜம்! இவங்க நேர்ல பார்த்து எழுதியிருக்காங்க!"

சொன்னவர் பெயர் சிவசாமி என்றிருந்தது. அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண்.

"கதவு சாத்தலன்னு எழுதினது யாருங்க?"

"நான்தாங்க. இப்ப சுவரும் விரிசல் விட்டிருச்சு."

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. சாமான் எதையும் எடுக்காதீங்க!"

அந்தப் பெண் லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தியது போனில் கேட்டது. கதவுகள் தட்டப்படும் சத்தம், நாய்க் குரைப்பு, பிள்ளைகளின் அழுகை. பிறகு தொடர்பு அறுந்தது.

விஜிதரன் இன்னொரு போனில் ஆட்களை மீட்க வரச்சொல்லி அனர்த்த முகாமைத்துவ அதிகாரியிடம் சிங்களத்தில் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வரை இருவரும் எதுவும் சாப்பிடவில்லை.

ஒரு வழியாக அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"லயம் போச்சுங்க. மலை அப்படியே இறங்கிருச்சு." அந்தப் பெண் அழுதாள், சிரித்தாள். "ஆளுங்க எல்லாம் இருக்கோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல!"

விஜிதரன் மேசையை ஓங்கித் தட்டினான்.

"அப்புறம் ஒண்ணுங்க. மேப்புல சொன்னவங்க பேரு போடுவீங்களா? போன் எங்க வீட்டுக்காரர் பேருல இருக்கு. அவரு பேரப் போட்டுறாதீங்க. சண்முகவடிவுன்னு முழுசாப் போடுங்க."

ஷாமிலா சத்தமாகச் சிரித்தபடியே சிவசாமியை எடுத்துவிட்டுச் சண்முகவடிவு என்று அடித்தாள்.

விஜிதரன் கீழே போய்ப் பிளேன்டீ வாங்கி வந்தான். மற்ற எட்டுப் புள்ளிகளும் இன்னும் திரையில் இருந்தன.

"இந்தப் படத்துக்கு, எடுத்தவர் பேரு காலியா இருக்கே. தெரியாதுன்னு போட்டுரவா?"

"வேணாம். தெரியும்."

அவள் கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். ஊர் என்ற இடத்தில், பொல்பிட்டியவுக்கு மேலே இப்போது இல்லாத ஒரு லயத்தின் பெயரை அடித்தாள்.

விஜிதரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கும் நிறையப் பேர் ஷேர் பண்ணாங்க," என்றாள் ஷாமிலா. "ஒருத்தர்கூட போன் பண்ணிக் கேக்கல."