எக்ஸ்சேஞ்சில் வந்த வெள்ளைக் கார்

போலீஸ் ஜீப் ஒன்று சரளைக்கல்லைச் சிதறடித்துக்கொண்டு ஷோரூமின் பின்வாசலுக்குள் நுழைந்து, கிரீச்சென்று நின்றது.

கார் கழுவிக்கொண்டிருந்த மருதையன் குழாயைக் கீழே போட்டார்.

இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் இசைவாணி. பதினெட்டு நாளாகத் தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் நின்று மருதையன் பார்த்துவிட்டு வருகிற முகம்.

"அட, நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களா? நல்லதாப் போச்சு. வண்டி கிடைச்சிருச்சுய்யா!"

மருதையன் ஈரக் கையோடு அருகே வந்தார். பக்கத்தில் நின்ற காரைப் பிடித்துக்கொண்டார்.

பதினெட்டு நாளுக்கு முன்னால், ஈரமாக இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய குறுவை நெல்லை, ஊரே செய்வதுபோல ஒரத்தநாடு ரோட்டோரம் கொட்டி, காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி கண்ணாத்தாள். காலை ஏழரை மணி. அப்போதுதான் அவர் வேலைக்குக் கிளம்பி பஸ் ஏறியிருந்தார்.

ஒரு வெள்ளைக் கார் நெல்லோடு சேர்த்து அவளையும் தூக்கியடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

அவர் போகும்போதெல்லாம் கண்ணாத்தாள் கேட்பது ஒன்றுதான். வண்டி கிடைத்ததா? ஓட்டியவன் கூண்டில் ஏறி, 'ஆமா, நான்தான் இடிச்சேன்' என்று சொல்வதைக் காதால் கேட்க வேண்டும் அவளுக்கு.

தெருவில் வெள்ளைக் கார் நின்றால் மருதையன் குனிந்து அதன் மூஞ்சியைப் பார்க்காமல் வந்ததில்லை.

மேனேஜர் பரணிதரன் டையைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார்.

"சீர்காழியில ஒரு புரோக்கர் ஷெட்ல பிடிச்சோம். உங்ககிட்டேர்ந்துதான் போயிருக்கு" என்றார் இசைவாணி.

பரணிதரன் போனில் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். எக்ஸ்சேஞ்ச் வண்டி. புதிது எடுக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் பழைய வண்டியை ஷோரூம் வைத்துக்கொள்வதில்லை. கழுவி, நாலு பக்கமும் படம் பிடித்து, புரோக்கர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அதிகம் கேட்டவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பல வண்டிகள் பாதி நாள்கூட இங்கே நிற்பதில்லை.

"முன்பக்கம் நசுங்கியிருந்துச்சே. கேக்கலையா?"

"கேட்டோம் மேடம். ஓனர், நாய் குறுக்கே வந்துருச்சுன்னார். புரோக்கருங்க அதையெல்லாம் பாக்க மாட்டாங்க. பளபளன்னு இருந்தாப் போதும்."

நாய். மருதையன் பல்லைக் கடித்தார். இருக்கட்டும். அகப்பட்டுவிட்டான். சாயங்காலம் வரை காத்திருக்க முடியாது, இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும்.

இசைவாணி அவர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார்.

"ரொம்ப ஆசைப்பட்டுடாதீங்கய்யா. அவன் இன்னமும் நாய்தான்னு சாதிக்கிறான். ரோட்டோர பெட்ரோல் பங்க் கேமராவுல வண்டி போறதுதான் இருக்கு, இடிக்கிறது இல்ல. லேப்காரங்க நேத்து ராத்திரி பூரா அலசிட்டாங்க. சொட்டு ரத்தம் இல்ல, ஒரு புடவை நூல் இல்ல. அவ்வளவு நெல்லு மேல ஏத்தியிருக்கான், முன் கிரில்லுல ஒரு நெல்லு இல்லய்யா!"

மருதையனின் கை காரிலிருந்து நழுவியது.

"இனி ஒரே வழிதான்." இசைவாணி மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவருக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு ஆளு அந்த வண்டியை முன்னாடியே கையால தொட்டுப் பாத்திருக்கான்ல? கழுவினவன். அவன் வந்து சாட்சி சொன்னாத்தான் கேஸ் நிக்கும். யாரு அது?"

பரணிதரன் போனைப் பாக்கெட்டில் போட்டார். ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருதையன்தான் பேசினார்.

"நான்தாம்மா... அவ அடிபட்ட அன்னிக்கு போன் அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, கை ஈரம்னு எடுக்கல. எந்த வீட்டுப் புள்ள காய வச்சதோன்னு, கிரில்லுல இருந்த நெல்ல பழைய பிரஷ்ஷால ஒண்ணொண்ணா நோண்டி எடுத்து, குருவிக்குப் போட்டேன்."