வாடகைக்கு வந்த நாயகன்

தான் உருகி உருகிப் படித்த தொடர்கதையின் நாயகன் நிரஞ்சனை, சுகந்தி ஒரு மாத வாடகைக்கு வீட்டுக்கு வரவழைத்தாள். சட்டை கசங்காது, குறட்டை கிடையாது. அவள் பேசினால் கண்ணிமைக்காமல் கேட்பான்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கணவன் மகுடபதி அவனிடம் எரிந்து விழுந்தான். "அவ புலம்புறத எப்படிய்யா உக்காந்து கேக்குற?"

"எனக்கு வேற வேலை இல்ல சார். நீங்க சொல்லுங்க, ஏன் வாடிப் போயிருக்கீங்க?"

மகுடபதியை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முதலில் முறைத்தான். பிறகு தன் ஆபீஸ் மேனேஜரைத் திட்டத் தொடங்கினான்.

மாலையில் சுகந்தி துள்ளிக்கொண்டு வந்தாள். "நிரஞ்சன், எனக்கு ப்ரமோஷன் கிடைச்சிருச்சு!"

பால்கனியிலிருந்து நிரஞ்சன் திரும்பாமலே கை காட்டினான்.

"ஒரு நிமிஷம் இரு சுகந்தி. சார் அழுதுட்டிருக்கார்."