பெட்டிக்குப் பின்னால் முதல் ஆள்

"கணவர்ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடும்மா" என்றார் சபை மூப்பரான டீக்கன் டாலிவர்.

எங்கள் கறுப்பர் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனைக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்போம். படம், பாட்டு வரிசை, வாழ்க்கைக் குறிப்பு, கடைசியாக இறந்தவர் யார் யாரை விட்டுச் சென்றார் என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான் என்பதால் அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

இறந்தவர் லெமுவல் பெட்டவே. நாற்பது வருஷம் எங்கள் பாடகர் குழுவை நடத்தியவர். அதில் முப்பத்தெட்டு வருஷம் ஆல்டன் ஸ்பைவியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். ஊர் அவர்களை 'ரூம்மேட்' என்றுதான் சொல்லும். "ரூம்மேட்டா? எனக்கு வாச்ச புருஷன் ஏழு வருஷம்கூடத் தாங்கலையே" என்பார் கோயில் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஓலா அக்கா.

ஆணும் ஆணும் மணக்கலாம் என்று ஜூனில் தீர்ப்பு வந்தது. அந்த வாரமே இருவரும் எங்கள் மாநிலத்துப் பெருநகரான பர்மிங்ஹாம் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆகஸ்டில் லெமுவல் போய்விட்டார்.

"சட்டப்படி கணவர்தானே ஐயா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் அன்று கேட்ட உரிமையும் இவர்கள் இன்று கேட்கும் உரிமையும் ஒன்றுதானே என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல்கள் மடங்காது. 1965-இல், கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கேட்டு கோர்ட்டுக்கு நடந்த அன்று, வெள்ளைக்கார ஷெரீஃபின் போலீஸ் ஆட்கள் உடைத்தவை.

"பாப்பா, நாங்க தோலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வெளிய போக முடியுமா? அவங்களால மறைச்சுக்க முடியும். வாயை மூடிட்டு இருந்தா ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. ரெண்டும் ஒண்ணுன்னு என்கிட்ட சொல்லாதே."

இதே விஷயத்தைப் பற்றிக் கல்லூரியில் இருபது பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த விரல்களுக்கு முன்னால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது.

ஆல்டன் வீட்டுக்குப் போனேன். லெமுவலுக்குப் போட்டுவிட வேண்டிய கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டீக்கன் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நிமிராமலே கேட்டார்.

"மறைச்சுக்க முடியும்னாரா? உண்மைதான். அதை நல்லாவே செஞ்சோம்" என்றார். பிறகு, "வார்த்தை போகட்டும் கண்ணு. பெட்டிக்குப் பின்னால முதல் ஆளா நடக்க விடுவாரான்னு மட்டும் கேளு."

சவப்பெட்டி கோயிலுக்குள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் குடும்பத்தார் இரண்டிரண்டு பேராகப் பின்னால் நடப்பார்கள். இறந்தவருக்கு யார் மிக நெருக்கமோ அவர் முதலில். அந்த வரிசையை முடிவு செய்வதும் டீக்கன்தான்.

போய்க் கேட்டேன். லெமுவலின் தங்கை எர்னஸ்டின் முதலில், அவர் பிள்ளைகள் அடுத்து, ஆல்டன் விருப்பப்பட்டால் பாடகர்களோடு உட்காரலாம் என்று பதில் வந்தது. 'கணவர்' இருந்த இடத்தில் 'நெடுநாள் நண்பர்' என்று நானே மாற்றினேன். முந்நூறு பிரதிகளையும் நானே மடித்தேன்.

சனிக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. ஆல்டன் பாடகர்களிடம் போகவில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

வாழ்க்கைக் குறிப்பை டீக்கன் வாசித்தார். பிறப்பு, பள்ளி, மர ஆலை வேலை, பாட்டு என்று வந்து, 'அவர் விட்டுச் சென்றவர்கள்' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"நிதானமா, டீக்கன்" என்றது முன்வரிசை.

"அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க" என்றார் ஓலா அக்கா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆல்டன், முன்னால வாங்க. எர்னஸ்டின், கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. பெட்டி வெளிய போறப்ப இவர்தான் முதல்ல நடப்பார்."

கைவிசிறிகள் நின்றன. எர்னஸ்டின் நகரவில்லை. "நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா டீக்கன்?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆல்டன் பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்துகொண்டிருந்தார். டீக்கன் அவரைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துப் பேசினார்.

"அறுபத்தஞ்சுல நாங்க இருபது பேர் கோர்ட்டுக்கு நடந்தோம். அடி விழுந்தா தலையை எப்படிப் பொத்திக்கணும், கையைக் கோத்துக்கிட்டு எப்படி நிக்கணும்னு ராத்திரி ராத்திரியா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது லெமுவல். கிளம்பற அன்னிக்குக் காலையில அவனைத் தனியாக் கூப்பிட்டேன். 'உன் விஷயம் ஷெரீஃபுக்குத் தெரிஞ்சா அதையே பேப்பர்ல போட்டு எங்க எல்லாரையும் நாறடிச்சுடுவான். நீ வராதே. மறைஞ்சு இரு'ன்னேன். அவன் சண்டை போடல. சரின்னான்."

மடங்காத விரல்களால் பெட்டியின் மூடியைத் தடவினார்.

"ஐம்பது வருஷமாச்சு. இனிமே வரலாம்டான்னு நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல."