அடைப்புக்குறிக்குள் ஒருவர்

“டீச்சரே, உங்க நாவல்ல பிராக்கெட்டுக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க,” என்றான் பதிப்பகத்து ஜிதின், போனில். “நாப்பத்தொன்பது ரூபா மின்னூலுக்கே ஜனங்க இந்தத் திட்டு திட்டுறாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு அனுப்புங்க. இல்லேன்னா புத்தகத்தையே தூக்கிருவாங்க.”

ஏலியம்மா சரி என்று போனை வைத்தாள்.

கணவர் தொம்மிச்சனுக்குத் தனித்தாளில் திருத்தம் எழுதும் பொறுமை கிடையாது. அவள் எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, மனதில் பட்டதைத் தட்டிவைப்பார்.

(நாலு அத்தியாயத்துல அஞ்சு மழை. பாவம் உன் கதாநாயகி சோசா, சளி பிடிச்சே செத்துருவா.)

அழித்தாள்.

(சாக்கோவை ரெண்டாம் அத்தியாயத்துலயே புதைச்சாச்சு. இங்க உக்காந்து கப்பக்கிழங்கும் மீனும் ஒரு வெட்டு வெட்டுறான்.)

சாக்கோவை எழுப்பிவிட்டு அவன் தம்பியை உட்காரவைத்தாள். அந்தக் குறிப்பையும் அழித்தாள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்து அறைக்குச் சண்டைக்குப் போவாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவரை அடக்கம் செய்ததிலிருந்து அந்த அறைக்குப் போக வேலை இல்லை. சண்டை போட ஆளில்லாத வீடு அவளைப் பிடுங்கித் தின்றது.

முப்பத்தேழு குறிப்புகள் போயின. நாவலின் கடைசி வரியில் சோசா சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழே ஒன்று மிச்சமிருந்தது.

(மணி ஒண்ணாச்சு. கஞ்சி ஆறுது. எழுதினது போதும், எழுந்து வாடி.)

கை ஓடவில்லை.

குறிப்புகள் புத்தகத்தில் ஏறியதை ஜிதின் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும். அச்சுப் புத்தகமென்றால் எடிட்டர் வரிவரியாகப் பார்ப்பார், மின்னூல் விலைக்கு எடிட்டர் கட்டுப்படியாகாது, நீங்கள் அனுப்புவது அப்படியே ஏறிவிடும் என்று சொன்னவனே அவன்தான்.

அதைக் கேட்ட பிறகுதான் மின்னூலே போதும் என்றாள். முப்பத்தெட்டுக் குறிப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். இந்த வீட்டுக்கு வெளியே எங்காவது அவர் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது.

கடைசிக் குறிப்பில் அடைப்புக்குறிகள் இரண்டை மட்டும் எடுத்தாள். சோசாவை யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

கோப்பை அனுப்பினாள். இந்தத் தடவையும் பதிப்பகத்தில் யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை.