வலமிருந்து இடம்

முதல் ஓ.டி.பி. தவறு என்றது திரை.

இன்னும் இரண்டு வாய்ப்புகள்தான். மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால், மாட்டுங்கா கல்லூரியில் எனக்குக் கிடைத்த பி.எஸ்ஸி. வேதியியல் இடம் பட்டியலில் அடுத்து நிற்கும் யாருக்கோ போய்விடும்.

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு நெட் கடை. பக்கத்து ஸ்டூலில் என் தோழி ஷாலினி. என் காதில் அவளுடைய போன். அந்தப் பக்கம், வீட்டில், உம்மாவின் பட்டன் போன்.

விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது வாப்பாவின் நம்பர். எந்த எண்ணும் அவர் போனுக்குத்தான் வரும்.

அவரிடம் கேட்க முடியாது.

போன வாரம், பட்டியலில் என் பெயர் வந்திருப்பதைச் சொன்னபோது, தோல் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டு படிச்சாச்சுல்லா. பாண்டுப்புலேர்ந்து பொண்ணு கேட்டு வாராவ. போதும்."

அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வாப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும், கைகூடக் கழுவாமல் பாயில் சாய்வார். கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான், துணியில் தின்னரைத் தொட்டு ஒவ்வொரு விரலாகப் பசையைத் துடைப்பார். பத்து விரலும் சுத்தமாகாமல் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்க மாட்டார். பசைக்கு அடியில் தண்ணீர் படாவிட்டால் ஒளு செல்லாது என்பார்.

அவர் தூங்கும் அந்த நேரத்தைத்தான் நானும் உம்மாவும் குறித்து வைத்திருந்தோம்.

முதல் எண்ணுக்கே உம்மா வெகுநேரம் எடுத்திருந்தார். ஏதோ தகர மூடி திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. இந்த நேரத்திலா அடுப்படி வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"உம்மா, இன்னொண்ணு அனுப்பச் சொல்லுதேன். பாத்துச் சொல்லுங்க."

"மெல்லப் பேசுட்டி. வாப்பா தூங்குதாவ."

தன் போனைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார்.

"ஆறு... ரெண்டு... ரெண்டு... ஒம்பது... முட்ட... நாலு."

அடித்தேன்.

தவறு.

ஷாலினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அரே, உங்கம்மா லாட்டரி நம்பர வாசிக்காங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி மூன்று ஐம்பது.

உம்மாவுக்கு எண்கள் தெரியும். என் ஒன்றாம் வகுப்பு நோட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாக எழுதிப் பழகியவர். ஆறை ஒன்பது என்று சொல்கிற ஆள் இல்லை.

ஆனால் உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஊர் மதரசாவில் அரபியில் குர்ஆன் ஓதப் படித்ததோடு சரி. அவர் வாழ்நாளில் வாசித்த புத்தகம் ஒன்றே ஒன்று. தினமும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் அதை விரித்து, வரிகளின் மேல் விரலை ஓட்டுவார்.

அந்த விரல் என் கண்ணில் வந்தது.

வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும் விரல்.

கடைசி எண்ணை அனுப்பச் சொல்லி அழுத்தினேன்.

"உம்மா, சோத்தாங்கைப் பக்கமிருந்து வேண்டாம். பீச்சாங்கைப் பக்கமிருந்து வாசிங்க."

"வாலுலேர்ந்தா?"

"ஆமா உம்மா. வாலுலேர்ந்து."

வாசித்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, நம்பிக்கையே இல்லாத குரலில்.

அடித்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு பச்சை எழுத்தில் வந்தது. இடம் உறுதி செய்யப்பட்டது. கீழே என் பெயர். அதை ஒட்டி வாப்பாவின் பெயர். மர்யம் காசிம்.

ஷாலினி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்குப் போகும் சந்தில், எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே நடந்தேன்.

யாரும் கேட்கவில்லை. வாப்பா பாயில் கண்மூடிப் படுத்திருந்தார். உம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தலையசைத்தேன். அவர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின.

அந்த மூன்று மெசேஜ்களையும் அழித்துவிட வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த வாப்பாவின் போனை மெல்ல எடுத்தேன்.

திரை விரலைக் கேட்டது.

பூட்டு இருப்பதே அவசரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. போன வருடம் யாரோ வங்கியிலிருந்து பேசுவதாக வாப்பாவை ஏமாற்றப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்தவள் நான். பூட்டியிருந்தால் ஒரு மெசேஜும் தெரியாது. வாப்பாவின் வலது கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். அதுவும் பசை இருந்தால் திறக்காது.

வீட்டில் தின்னர் வாடை அடித்தது.

தெருவில் ஸ்கூட்டர் போனாலே எழுந்துவிடுகிற வாப்பா, கண்ணைத் திறக்காமல், கைகளை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தார்.

ஒன்பது விரல்களில் கறுத்த பசை அப்படியே இருந்தது.

வலது கட்டைவிரல் மட்டும் வெளுத்து, சுத்தமாக இருந்தது.