அசல் ஜேட் வளையல்

"ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா. இது அசலா, போலியா?"

பெரியப்பா நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கே போனாலும் அவர் சாய்ந்து உட்காருவதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம், கல் பரிசோதிக்கும் அம்மாள் பச்சை வளையலை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானே கையில எடுத்திருக்கேன் ஐயா. கொஞ்சம் பொறுங்க."

பெரியப்பாவுக்குப் பக்கத்தில் அவர் தம்பியின் மகள். தகப்பன் இல்லாத பெண். அவளுக்கு நல்லது கெட்டது பார்ப்பது பெரியப்பாதான். அவளுக்கு அந்தப் பக்கம், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன். "தங்கமெல்லாம் வேண்டாம் தம்பி. எங்க குடும்பத்துக்குத் தகுந்த மாதிரி அசல் ஜேட்ல, அந்தப் பச்சைக் கல்லுல, வளையல் ஒண்ணு போடுங்க, போதும்" என்று பெரியப்பா அவனிடம் சொல்லியிருந்தார். அவனும் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

அசல் என்றால் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கலாம். போலி என்றால் கல்யாணமே இல்லை. இதை வீட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் இருவரையும் அழைத்து வந்திருந்தார்.

அம்மாள் வளையலைப் பெண்ணிடம் நீட்டினார். "கன்னத்துல வச்சுப் பாரும்மா. ஜில்லுனு இருக்கா?"

"இருக்கு."

"கண்ணாடியா இருந்தா இதுக்குள்ள சூடேறியிருக்கும். கனமும் இருக்கு. இது ஜேட் கல்லுதான்."

பெண்ணின் முகம் மலர்ந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே பெரியப்பா!"

"நீ எப்படிம்மா சொன்னே? கல்லுக்குள்ள புகுந்து பார்த்தியா?"

"எனக்குத் தெரியும். அவ்வளவுதான்."

கல் தேறிவிட்டது என்று கேட்ட பிறகும் பையன் முகத்தில் ஈயாடவில்லை. பெரியப்பாவுக்கு அது விளங்கவில்லை.

அம்மாள் வளையலை ஒரு நூலில் தொங்கவிட்டு, சின்னக் கல் துண்டு ஒன்றால் தட்டினார். 'டொக்' என்றது. தன் கையிலிருந்த வளையலைக் கழற்றி அதையும் அதேபோல் தட்டினார். 'ணிங்' என்று ஓசை நீண்டு போயிற்று.

"கேட்டீங்களா? மணி மாதிரி ஒலிக்கணும். இது கட்டையைத் தட்டின மாதிரி இருக்கு."

"அப்ப இது கல்லு இல்லையா?"

"கல்லுதான்."

"அப்ப அசல்தானே?"

"அப்படியும் சொல்ல முடியாது."

பெரியப்பாவுக்குத் தலை சுற்றியது. "என்னம்மா இது? கல்லுங்கறீங்க, ஜேட்டுங்கறீங்க, அசல் இல்லைங்கறீங்க. நான் என்னன்னுதான் எடுத்துக்கறது?"

"ஐயா, நான் ஒண்ணு சொல்லிடறேன்..." என்று பையன் வாயைத் திறந்தான்.

"நீங்க சும்மா இருங்க!" என்று பெண் அவனை அடக்கினாள்.

தப்புச் செய்தவன் விழிப்பதைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். பையன் அப்படித்தான் விழித்தான். ஆனால் இந்தப் பெண் எதற்காக இப்படி அடித்துப் பேசுகிறாள்? வளையல் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என்னவோ பிறந்ததிலிருந்து பார்த்த பொருள் மாதிரி அல்லவா பேசுகிறாள்!

அம்மாள் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் தரும் சின்ன விளக்கொன்றை வளையல்மேல் பிடித்தார். பச்சை மறைந்து, வளையல் முழுவதும் வெளிறிய நீலமாக மின்னியது. பிறகு மறுபடி வெளிச்சம் போட்டு, பூதக்கண்ணாடியைப் பெரியப்பாவிடம் கொடுத்தார்.

"இப்பப் பாருங்க. விரிசலெல்லாம் பச்சை நரம்பு மாதிரி ஓடுதா? அது சாயம். மட்டமான ஜேட்டை அமிலத்துல ஊறவச்சு வெளுத்து, உள்ளே பிசின் ஏத்தி, சாயம் கொடுத்திருக்காங்க. ஊதா விளக்குல நீலமா மின்னுச்சே, அது அந்தப் பிசின்தான். அதுகூடப் பழசாகி மஞ்சள் அடிச்சிருக்கு. கல்லு ஜேட்தான். ஆனா இதை அசல்னு சொல்லி யார் கொடுத்தாலும் அது ஏமாத்து வேலை."

"பழசு வேறயா!" என்றார் பெரியப்பா.

"இருக்காது! இன்னொரு தடவை பாருங்க. விளக்கு சரியா இல்லையோ என்னவோ..." பெண்ணின் குரல் உடைந்தது.

"எத்தனை தடவை பார்த்தாலும் இதேதாம்மா."

பெரியப்பா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவது அவர் வழக்கமும் இல்லை.

"தம்பி, இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். அதுல ஒரு கௌரவம் இருக்கு. போலியைக் கொடுத்து ஒரு பெண்ணை நம்பவைக்கிறவன் மனுஷனே இல்லை."

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுந்திரும்மா. சாயம் ஏத்தின கல்லைக் கையில மாட்டிவிடுற குடும்பத்தோட நமக்கு ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்."

பெண் எழுந்திருக்கவில்லை. பெரியப்பாவையும் வளையலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது இவர் வாங்கினதே இல்லை பெரியப்பா. பணம் சேர ஒரு வருஷம் ஆகும்னார். நீங்க காத்திருக்க மாட்டீங்கன்னு நான்தான் அம்மா பீரோவுல இருந்து எடுத்து இவர் கையில கொடுத்தேன். இது அசலாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன். உடைஞ்சுடுமோன்னு பயந்து அம்மா ஒரு நாள்கூடப் போட்டுக்காம பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க... அவங்க கல்யாணத்துக்கு நீங்க போட்ட வளையல்."