கடைசி அறை

ரப்பர் விலை விழுந்து மரத்தில் பால் எடுப்பது நின்றதிலிருந்து, கடல் தாண்டித் தெப்ராவ் தோட்டத்துக்கு வந்த வீராயிக்கும் அவள் புருஷன் செங்கானுக்கும் கசடு உடைக்கிற வேலைதான். ஈயம் உருக்கும் ஆலை வேண்டாமென்று கொட்டிய கருங்கசடு அது. உடைத்துச் சிமெண்டில் கலந்து, நீளமாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள்.

“ஆலைக்காரன் எறிஞ்சது நமக்கு வீடாவுது பாரேன்” என்றான் செங்கான்.

கசடு கண்ணாடிபோல் விரலை அறுத்தது. தங்கள் குடிசையின் ஒழுகும் அத்தாப்பு ஓலைக் கூரையை நினைத்து வீராயி பொறுத்துக்கொண்டாள். கடைசி அறையின் வாசற்படிக்குக் கலவை போடும்போது, யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைப் புதைத்தாள்.

வேலை முடிந்ததும், கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி வந்தார்.

“ஐயா, அந்தக் கடைசி ரூம எங்களுக்குக் குடுப்பீங்களா?” என்றாள் வீராயி.

“அதுக்கென்ன, எடுத்துக்க.”

வீராயி ஓடிப்போய்ப் பானையும் பாலும் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த கசடுக் கட்டிகளை அடுப்பாகக் கூட்டி விறகை மூட்டினாள்.

கிராணி எட்டிப் பார்த்தார். “எதுக்கும்மா பால் காய்ச்சுறே?”

“புது வீடாச்சேங்க.”

“வீடா? யாரு சொன்னா? வேலையில்லாம ஊருக்குத் திருப்பி அனுப்புற ஆளுங்க, கப்பல் வர்ற வரைக்கும் தங்குற எடம்மா இது. மொதல்ல போறது நீங்கதான். வெள்ளிக்கிழமை கப்பல்.”

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.